உன் பக்கம் மூன்று சாண்

ஷீன் தரா, ஸ்வாத்
1 நவம்பர் 2008

பங்காளி பக்த்மந்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தை நான் என் பெண்டாட்டியின் சல்வாரைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். பூப்போட்டது. சிரிக்காதே. சிரிப்பை அடக்க முடியாவிட்டால் சத்தம் வராமல் சிரி, மர்தானில் உன் மச்சினன் வீட்டுப் பிள்ளைகள் பயந்துவிடும். அந்த முகத்தில் அவர்கள் சிரிப்பைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

நடந்தது இதுதான். நேற்று மக்ரிப் தொழுகை முடிந்து கடையில் பக்கோடாவுக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்காமல் இருந்தால் ஏன் கேட்கவில்லை என்று யாராவது கேட்பார்கள். மேலே துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிற ரேடியோக்காரர்கள் வழக்கம்போலப் பெயர்களை வாசித்தார்கள், திருந்தியவர்கள் யார், திருந்தாதவர்கள் யார் என்று. திடீரென்று, “ஷீன் தராவைச் சேர்ந்த தோத்தி ரஹ்மான் போலீஸ் வேலையை விட்டுவிட்டார், அல்ஹம்துலில்லாஹ்” என்றார்கள். நான் பின்னால் ஒரு எட்டு வைத்தேன். பின்னால் வாய்க்கால் இருந்தது. பனி கரைந்த தண்ணீர். என்னிடம் இருக்கிற இன்னொரு சல்வார் துவைத்துக் காயப்போட்டிருந்தது.

ஈரத்தோடு ஏறி வந்தால் ஆளாளுக்குக் கட்டிப்பிடிக்கிறார்கள்.

“முபாரக் தோத்தி! திருந்திட்டியே!”

“நான் என்னய்யா தப்புப் பண்ணேன்?”

“அதான் திருந்திட்டியே, இனி அதை எதுக்குக் கேக்குற?”

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். போலீஸ் வேலைக்கு எழுத்துப் பரீட்சை உண்டு என்று நீதான் எத்தனை முறை என்னைக் குத்தியிருக்கிறாய். என் பெயருக்கே கிளி என்று அர்த்தம். கிளியை எந்த ஊரில் போலீஸில் எடுக்கிறார்கள்?

இன்று காலை வேன் ஓட்டுகிற ஹமேஷ் குல் மிங்கோராவிலிருந்து, போலீஸ்காரர்கள் வேலையை விட்டுவிட்டேன் என்று விளம்பரம் போடுகிற அந்தப் பேப்பரைக் கொண்டுவந்தான். விளம்பரத்தில் இருப்பது இவ்வளவுதான்: “தோத்தி ரஹ்மான் பக்கோடா கடை, ஷீன் தரா. இன்று முதல் எனக்கும் போலீஸ் இலாகாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.” என் கடையே ராஜினாமா செய்ததுபோல் இருக்கிறது. இந்த ஊரில் போலீஸ்காரன் ஒருவன்தான். ஊருக்கு வருகிற கடிதமெல்லாம் என் கடை விலாசத்துக்குத்தான் வருகிறது, உன்னுடையதும். ஆகவே இது யார் வேலை என்று கண்டுபிடிக்க எழுத்துப் பரீட்சை எழுதத் தேவையில்லை.

சிரித்தது போதும், மீதியையும் சொல்லிவிடுகிறேன். திருந்தியவன் வரும் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு மேலே வந்து சர்க்கார் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டுமாம். உன்னோடு வேலை பார்த்த மிஸ்ரி கானும் பேப்பரில் போட்டான். துப்பாக்கி கொண்டுபோகவில்லை. அவனைப் பாலத்தில் பார்த்தோம். சட்டையில் குத்தியிருந்த காகிதத்தை யாரும் முழுதாகப் படிக்கவில்லை.

என்னிடம் இருக்கிற ஒரே ஆயுதம் ஜல்லிக்கரண்டி. நான் என்ன செய்யட்டும்? அது நான் இல்லை என்று சொன்னால், பின்னே யார் என்று கேட்பார்கள். ஒன்பது வருடமாக என்னோடு பேசாதவனே, இப்போது பேசு. செல்போன் கோபுரத்தை வெடிவைத்துச் சாய்த்துவிட்டார்கள், ஆகவே எழுது. ஹமேஷ் குல்லிடம் கொடு. பாட்டுக் கூடாது என்று வேனில் டேப் ரிக்கார்டரைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த ஓட்டையில்தான் இப்போது கடிதங்கள் வருகின்றன.

தோத்தி


மர்தான்
3 நவம்பர் 2008

தோத்தி ரஹ்மானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. வாசிக்க நேரம் பிடித்தது. உன் எழுத்தும் உன் பக்கோடாவைப் போலத்தான், ஒன்றைப்போல் ஒன்று இல்லை.

விளம்பரம் கொடுத்தது நான்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் பெயரை முதல் வரியில் தெளிவாக எழுதினேன். அடுத்த வரியில் விலாசம். அச்சில் முதல் வரி விழவில்லை. இதில் என் தவறு எதுவும் இல்லை. வேலையை நான் விடவும் இல்லை, லீவில் இருக்கிறேன். விளம்பரம் அவர்கள் கண்ணில் மண்ணைத் தூவுவதற்காகக் கொடுத்தது.

அச்சான அன்றே பார்த்தேன். உனக்கு எழுத வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதே. பிழை திருத்தம் கேட்டிருக்கிறேன். வியாழக்கிழமைப் பேப்பரில் வரும்.

நீ மேலே போகக் கூடாது. இது என் விவகாரம். எனக்காக நீ ஏதாவது செய்து வைத்து, நாளைக்கு உன் பிள்ளைகள் என் பிள்ளைகளைப் பார்த்து, “எங்க வாப்பா இல்லேன்னா உங்க வாப்பா இல்ல” என்று சொல்லிக்காட்டுவதைவிட நான் பாலத்தில் கிடந்துவிட்டுப் போகிறேன்.

நஜ்மீனாவும் மகள் பல்வஷாவும் வீட்டில்தான் இருக்கிறார்கள். பல்வஷாவுக்கு இதுதான் மாதம். மருமகன் துபாயில். ஊரடங்கு தளர்ந்ததும் அவர்களை அழைத்துக்கொள்வேன். இந்தச் செய்தியெல்லாம் அவர்கள் காதுக்குப் போக வேண்டாம். நீ சொல்ல மாட்டாய், நமக்குள் பேச்சு இல்லை.

இந்த வருடத்து அக்ரூட் உதிர்ந்திருக்கும். என் பக்கம் விழுந்தவை என்னுடையவை.

பக்த்மந்த்


ஷீன் தரா
4 நவம்பர் 2008

பங்காளி,

திருத்தமா? அல்லாவுக்காக அதை நிறுத்து! இன்றே ஓடிப்போய் நிறுத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நேற்று நஸ்ருல்லா கடைக்கு வந்தான். உனக்குத் தெரியும் அவனை. வீட்டுக்கு வீடு கேபிள் இழுத்துக் கொடுத்தவன், இப்போது அதே ஏணியில் ஏறி அதே கேபிளை அறுக்கிறான். தோளில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான்.

“சாச்சா, நீங்க எப்ப போலீஸ்ல இருந்தீங்க?”

“நீதான்டா எனக்குச் சொல்லணும். ரேடியோவுல சொன்னது நீங்கதானே.”

சுற்றுமுற்றும் பார்த்துக் குரலை இறக்கினான். “பேப்பரைப் பாத்துப் பேரை மேல அனுப்புனதே நான்தான் சாச்சா. அவசரத்துல அனுப்பிட்டேன்.”

“அப்ப தப்பா வந்துருச்சுன்னு போய்ச் சொல்லிரு.”

“ரேடியோவுல தப்பு வந்துச்சுன்னு நான் போய்ச் சொல்றதா? போன மாசம் பிறை தெரிஞ்சுருச்சுன்னு ரேடியோ சொன்னப்ப ஊரே நோன்பை விட்டுச்சே, ஒருத்தராவது வானத்தைப் பாத்தீங்களா?”

யாரும் பார்க்கவில்லைதான். நானும்தான்.

புரிகிறதா? ரேடியோவுக்குத் தப்பு வராது. ஊரில் எல்லாருக்கும் நான் யார் என்று தெரியும், நஸ்ருல்லா என் பக்கோடாவைத் தின்றே வளர்ந்தவன். ஆனாலும் நான் போலீஸ்காரன். ரேடியோ சொல்லிவிட்டது. உன் திருத்தம் வந்தால் நான் பொய்யன், நீ ஏமாற்றுக்காரன், நஸ்ருல்லா தலை இல்லாதவன்.

இதைவிட மோசமான செய்தி இன்னும் இருக்கிறது. பக்கோடாவைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமலே சொன்னான்.

“பக்த்மந்த் சாச்சா பேரு திருந்தாதவங்க வரிசையில இருக்கு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு அந்த வீட்டுக்கு வெடி வைக்கிறாங்க. உங்க வீடும் ஒட்டி இருக்கு, பாத்திரம் பண்டத்தைத் தள்ளி வச்சிருங்க.”

“உள்ள பொம்பளைங்க இருக்காங்கடா.”

“வெளிய வரச் சொல்லுவாங்க.”

“வெளிய வந்து எங்க போறது? ஒருத்தி நிறைமாசம்.”

பக்கோடாவைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனான். அவன் என் கடையில் மிச்சம் வைத்தது அதுதான் முதல் முறை.

வீட்டுக்கு வந்து தாஜ்பரியிடம் சொன்னேன். “எப்படியாவது மதினிக்குத் தகவல் சொல்லணும், ஒன்பது வருசமாப் பேச்சில்லையே” என்று தலையில் கைவைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவரின் மேல் கவிழ்த்திருந்த தட்டை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். அந்தப் பக்கம் நஜ்மீனா மதினி தலை தெரிந்தது. ஒன்பது வருடமாகத் தினம் சாலன் மாற்றிக்கொள்கிறார்களாம்! “உன் கையில குழம்பு இப்ப ருசியா இருக்கே” என்று நான் இவளைப் பாராட்டியதெல்லாம் உன் வீட்டுக் குழம்பு. நமக்கு மட்டும்தான் பங்காளி சண்டை.

எனக்கு ஒரு சர்க்கார் துப்பாக்கி வேண்டும். அதோடு மேலே போனால்தான் அவர்களிடம் வாய் திறக்கவே முடியும். வீட்டைப் பற்றி அப்புறம் ஏதாவது பேசிப் பார்க்கலாம். உன்னுடையது எங்கே? ஸ்டேஷனில் எரிந்துபோயிற்று என்று ஊருக்குச் சொன்னதை எனக்கும் சொல்லாதே. நீ ஒரு ஆணியைக்கூட விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை.

தோத்தி


மர்தான்
5 நவம்பர் 2008

தோத்தி ரஹ்மானுக்கு,

வாசித்தவுடன் இதை எரித்துவிடு.

திருத்தத்தை நிறுத்திவிட்டேன். அச்சுக் கோத்த பிறகு நிறுத்துவதா என்று பேப்பர்க்காரன் கத்தினான். நானும் கத்தினேன்.

துப்பாக்கி எரியவில்லை. ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன் எண்ணெய்த் துணியும் பிளாஸ்டிக்கும் சுற்றிப் புதைத்தேன். இடம்: அக்ரூட் மரத்தின் அடியிலிருந்து உன் பக்கம் மூன்று சாண். என் பக்கம் வேர் அதிகம், மண்வெட்டி இறங்கவில்லை.

கவனமாகக் கேள். துப்பாக்கிக் கட்டையில் எண் பொறித்திருக்கிறது. ஸ்டேஷனை எரிக்கும் முன் பதிவுப் புத்தகத்தை அவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். எண்ணைப் பார்த்தால் அது யாருடைய துப்பாக்கி என்று தெரிந்துவிடும். ஆகவே நீ கொண்டுபோகாதே. தோண்டி எடுத்து மட்டும் வை. வெள்ளிக்கிழமை காலை வேனில் நான் வருகிறேன். என் துப்பாக்கியை நானே கொண்டுபோய்க் கொடுத்து, வீட்டுக்காக நானே பேசிக்கொள்கிறேன். திரும்பி வரவில்லை என்றால் நஜ்மீனாவை மர்தானுக்கு அனுப்பு. அவ்வளவுதான் உன்னிடம் கேட்பது. அதைக்கூட உன்னிடம் கேட்பதாக இல்லை, தாஜ்பரியிடம் கேட்பதாக வைத்துக்கொள்.

பக்த்மந்த்


ஷீன் தரா
6 நவம்பர் 2008

பங்காளி,

எடுத்துவிட்டேன். தாஜ்பரி பக்கத்தில் உட்கார்ந்து உரலில் மிளகாய் இடித்தாள், மண்வெட்டிச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று. இருவருக்கும் கண்ணில் தண்ணீர். மிளகாய்தான் காரணம் என்று ஒப்பந்தம்.

கடிதத்தை எரித்துவிட்டேன். ஒரு துண்டைத் தவிர. “உன் பக்கம் மூன்று சாண்” என்ற அந்தத் துண்டைக் கிழித்துத் தொப்பிக்குள் வைத்திருக்கிறேன். ஒன்பது வருடம் ஜிர்காவுக்கு மேல் ஜிர்காவாகக் கூட்டி, மரத்துக்கு இந்தப் புறம் கடைசி வேர் வரை உனக்குச் சொந்தம் என்று பஞ்சாயத்தாரிடம் மீசையை முறுக்கினாயே! மரத்தடியிலிருந்து மூன்று சாண் “உன் பக்கம்” என்று இப்போது நீயே உன் கையால் எழுதிவிட்டாய். நாளைக்கு அவர்கள் என்னைச் சுட்டாலும் நான் ஜெயித்தவனாகத்தான் சாவேன்.

விளையாட்டு போதும். நீ வராதே. பாலத்தில் நிற்கிற பையன்கள் வெளியூர்க்காரர்கள், அந்தப் புத்தகத்திலிருந்து கிழித்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேனாக முகம் பார்க்கிறார்கள். உன் படமும் இருக்கிறது. மீசையோடு. நீ ஊருக்குள் வந்து சேரவே மாட்டாய். நீ சேராமல் போனால் வீடும் போகும், அந்த இரண்டு பெண்களும் ரோட்டில் நிற்பார்கள். நான் போனால் ஒருவேளை பேசிப் பார்க்கலாம். பேச்சு என்னிடம் இருக்கிறது, உன்னிடம் மீசைதான் இருக்கிறது.

எண்ணைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. எண்ணெய் காயும்போது வரும் என்று கடையைத் திறந்தேன். அப்போதும் வரவில்லை.

நாளை ஜும்மா.

தோத்தி


மர்தான்
8 நவம்பர் 2008

தோத்தி,

உனக்கு சலாம் இல்லை.

வராதே என்று எழுதினாய், நம்பினேன். நேற்று முழுவதும் இங்கே பள்ளிவாசலில் உட்கார்ந்து உனக்காக துஆ கேட்டேன். எனக்கு இதைவிட வேறு அவமானம் வேண்டுமா?

இன்று மேலிருந்து வந்தவர்கள் பஸ் ஸ்டாண்டில் சொல்கிறார்கள். நேற்று ரேடியோவில் வாசித்தார்களாம்: “போலீஸ்காரன் பக்த்மந்தின் வீடு அவன் பங்காளி தோத்தி ரஹ்மானுக்கு வழங்கப்பட்டது. குடும்பத்தார் ஞாயிற்றுக்கிழமைக்குள் வெளியேற்றப்படுவார்கள்.” சொன்னவன் சிரித்துக்கொண்டே சொன்னான், நான் யார் என்று அவனுக்குத் தெரியாது. “பங்காளின்னா இப்படித்தான் இருக்கணும்” என்றான்.

என் துப்பாக்கியைக் கொடுத்து என் வீட்டை வாங்கிக்கொண்டாய். ஒன்பது வருடம் மரத்துக்காகக் காத்திருந்தவன், மரத்தோடு வீட்டையும் எடுத்துக்கொண்டாய். நிறைமாதப் பெண்ணை வீதிக்குத் தள்ளுகிறாய். உன்னை “சாச்சா, சாச்சா” என்று கூப்பிட்டுக்கொண்டு உன் கடை வாசலில் திரிந்த பெண்.

நாளை நான் வருகிறேன். பாலத்தில் யார் நின்றாலும் வருவேன். வாசலில் நில். உன் கையெழுத்து அசிங்கம், உன் முகத்தையாவது நேராகப் பார்க்கிறேன்.

பக்த்மந்த்


ஷீன் தரா
9 நவம்பர் 2008, பிற்பகல், அஸர் தொழுகை நேரம்

பங்காளி, அண்ணே, எங்கே இருக்கிறாய்?

உன் கடிதத்தை ஏறுகிற வேன் இப்போதுதான் கொண்டுவந்தது. ஹமேஷ் குல்லின் வேன் அதற்கு முன்பே இறங்கிப் போய்விட்டது. அதில் யார் போகிறார்கள் என்று கடைசியில் சொல்கிறேன், இல்லை, முதலிலேயே சொல்கிறேன். மதினியும் பல்வஷாவும். மர்தானுக்குத்தான். இந்தக் கடிதத்தை இன்னொரு வேனில் அனுப்புகிறேன். நீ கிளம்பாமல் இருந்தால் உட்கார்ந்து படி. கிளம்பிவிட்டாய் என்றால் மலாகண்ட் கணவாய் டீக்கடையில் இறங்காமல் உன்னால் வர முடியாது, வேனில் ஏறினாலே உனக்கு வாந்தி. ஹமேஷ் குல்லும் அங்கேதான் டீ குடிக்க நிற்பான். அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நடந்தது கேள். மேலே பெண்கள் பள்ளிக்கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். கரும்பலகையில் பாதி அழிந்த கணக்கு. பெரியவர் என்று ஒருவர், தாடிக்கு மருதாணி போட்டவர், வெளியூர். முன்னால் உன் ஸ்டேஷன் புத்தகம். நஸ்ருல்லா மூலையில் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“போலீஸ்ல உனக்கு என்ன வேலை?”

“சமையலுங்க.” பொய் இல்லை. உன் ஸ்டேஷனுக்குச் சாயங்காலப் பக்கோடா என் கடையிலிருந்துதானே போயிற்று.

துப்பாக்கியைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். புத்தகத்தில் விரலை ஓட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது.

“இது பக்த்மந்துங்கிறவன் துப்பாக்கி. சமையக்காரன் கைக்கு எப்படி வந்துச்சு? அவன் உனக்கு யாரு?”

எனக்கு வாய் வற்றிப்போயிற்று. பொய் சொல்லக்கூட ஈரம் இல்லை. உண்மைதான் வந்தது.

“பங்காளிங்க.”

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெரியவர் முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

“சும்மா பங்காளியா, சண்டைக்காரப் பங்காளியா?”

“எந்த ஊர்ல அது ரெண்டும் வேற வேறங்க?”

சிரித்துவிட்டார். “என்ன தகராறு?”

“மரமுங்க. அக்ரூட் மரம்.”

“அப்ப அவனைச் சுட்டுட்டியா?”

“ஆளைச் சுடக் கை கூடலீங்க. துப்பாக்கியைத்தான் சுட்டேன். எனக்குச் சுட வந்ததெல்லாம் பக்கோடாதான்.”

மறுபடி சிரித்தார். பிறகு, “எனக்கும் ஒரு பங்காளி இருந்தான்” என்றார்.

“இருந்தாருங்களா?”

“இருந்தான்.”

நீ எங்கே என்றார். “தெரிஞ்சா இதைத் தூக்கிட்டு இங்க ஏன் வர்றேன், அங்கயில்ல போயிருப்பேன்” என்றேன். பங்காளி என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் அவருக்கு நம்பும்படியாகவே இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் கேட்டேன். “அவன் வீட்டுக்கு வெடி வைக்கப் போறீங்களாமே. ஒன்பது வருசம் அதுக்காகத்தான் பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன். வெடி வச்சா எனக்கு என்ன மிஞ்சும், கல்லா? அதை எனக்குக் குடுத்துருங்க.”

தாடியைத் தடவினார். “வீடு உனக்கு. பொம்பளைங்க ஞாயித்துக்கிழமைக்குள்ள போயிரணும். நீயே புடிச்சு வெளிய தள்ளணும். ஊர் பாக்கணும்” என்றார்.

ஊர் பார்த்தது. மதினியிடம் நேற்றே சுவர் வழியாகச் சொல்லிவைத்தாயிற்று: நான் கத்துவேன், நீங்கள் அழுதுகொண்டே வேனில் ஏறுங்கள், வழியில் நிற்பவர்கள் எல்லாரும் விரட்டப்பட்ட பெண்களுக்கு வழி விடுவார்கள். மூட்டையைத் தூக்கி வாசலில் எறிந்தேன். “வெளிய போ! இது இப்ப என் வீடு!” என்றேன். துப்பாக்கிக்காரர்கள் நான்கு பேர் நிற்கிறார்கள். பல்வஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்தும் அவள் முகம் அப்படி ஆனது, பங்காளி, அதைப் பற்றி எழுத வேண்டாம்.

மதினி அழவில்லை. அழுவதாகத்தான் பேச்சு.

“உன் வீடா? ஏண்டா எண்ணெய்ச் சட்டி! உன் பக்கோடாவைத் தின்னு பாதி ஊரு ஆத்தங்கரைக்கு ஓடுது, உனக்கு வீடு கேக்குதா? ரேடியோவுல பேரு வந்ததும் வாய்க்கால்ல விழுந்து பொண்டாட்டி சல்வாரைப் போட்டுட்டுத் திரிஞ்சவன்தானே நீ! பூப்போட்ட சல்வார்! எல்லாரும் கேட்டுக்கங்க!”

ஊர் கேட்டுக்கொண்டது. துப்பாக்கிக்காரன் ஒருவன் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டான். அவன் சிரித்த அந்த நேரத்தில் நஸ்ருல்லா வேன் கதவைத் திறந்து, “ஏறுங்க, ஏறுங்க, சீக்கிரம்” என்று இருவரையும் ஏற்றினான். பாலம் வரை அவனே முன்னால் மோட்டார் சைக்கிளில் போனான். வேன் கிளம்பியதும் மதினி ஜன்னலில் தலையை நீட்டி, அதே குரலில், “என் சேவலுக்கு எதாவது ஆச்சுன்னா உன்னை உயிரோட விட மாட்டேன்!” என்று கத்தினாள். அது மட்டும் நடிப்பு இல்லை என்று நினைக்கிறேன்.

உன் கடிதத்தைக் கடை வாசலில் நின்றுதான் படித்தேன். நன்றாகத் திட்டியிருக்கிறாய். துஆ கேட்டேன் என்று எழுதியிருக்கிற இடத்தை மட்டும் இரண்டு முறை படித்தேன்.

வராதே. வந்துகொண்டிருந்தால் இறங்கு.

தோத்தி


மர்தான்
12 நவம்பர் 2008

தோத்தி ரஹ்மானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் மலாகண்ட் டீக்கடைக்குப் பின்புறம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் மச்சினனுடைய கைத்துப்பாக்கி. யாரோ முதுகைத் தடவினார்கள். நிமிர்ந்தால் நஜ்மீனா.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“தோத்தியைச் சுட.”

“வாயைத் துடைங்க முதல்ல.”

கைத்துப்பாக்கியை வாங்கித் தன் மூட்டைக்குள் போட்டுக்கொண்டாள். டீக்கடைப் பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். நீ ஏசும்போது உன் தாடை ஆடியது என்றாள். உன் கடிதம் மறுநாள்தான் இங்கே வந்தது. அதற்குள் எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனாலும் வாசித்தேன்.

பல்வஷாவுக்கு திங்கட்கிழமை பெண் குழந்தை. இருவரும் நலம்.

என் மனைவியை ஊர் நடுவே நீ ஏசியதை நான் மறக்கமாட்டேன். அவள் உன்னை ஏசியதை என் மச்சினன் வீட்டாருக்குத் தினமும் நடித்துக் காட்டுகிறாள். அதையும் மறக்க முடியாது போலிருக்கிறது.

நன்றி என்று எழுத மூன்று காகிதம் கிழித்தேன். வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். இதை உன் பிள்ளைகள் என் பிள்ளைகளிடம் ஒருபோதும் சொல்லிக்காட்டக் கூடாது. தொப்பிக்குள் இருக்கிற துண்டை நீயே வைத்துக்கொள். எழுதியதை நான் மறுக்கப்போவதில்லை.

சல்வார் நிஜமாகவே பூப்போட்டதா?

நஜ்மீனா சேவலைப் பற்றிக் கேட்டு எழுதச் சொன்னாள். மறக்காமல் பதில் எழுது.

பக்த்மந்த்


ஷீன் தரா
15 நவம்பர் 2008

பங்காளி, தாத்தா ஆன பங்காளி,

முபாரக்! கடையில் எல்லாருக்கும் இனாமாகப் பக்கோடா போட்டேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் வீடு கிடைத்த சந்தோஷம் என்றேன். ரேடியோவிலும் என்னைப் பாராட்டி மறுபடி வாசித்தார்கள். இந்த முறை வாய்க்காலில் விழவில்லை. முன்பு உன்னோடு சண்டையில் இருந்தவர்கள் எல்லாரும் தேடிவந்து சலாம் வைக்கிறார்கள். உனக்கு இத்தனை பகைவர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது, நான் ஒருத்தன் போதும் என்று இருந்துவிட்டேன்.

என் பிள்ளைகள் சொல்லிக்காட்ட மாட்டார்கள், வாக்குக் கொடுக்கிறேன். நான் சொல்லிக்காட்டுவேன். தினமும். நீ திரும்பி வந்த முதல் நாள் காலையிலிருந்து.

எப்போது வருவாய் என்று கேட்க மாட்டேன். மேலே இவர்கள், கீழே இருந்து ராணுவத்தின் குண்டு. நேற்றுப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்று விழுந்தது. பெரியவர் அதில் இல்லை. நஸ்ருல்லா இருந்தான். அவனை அடக்கம் செய்ய நாங்கள் ஆறு பேர்தான் போனோம். அவன் ஏணி இன்னும் என் கடைக்குப் பின்னால் சாய்ந்து நிற்கிறது, எடுக்க மனம் வரவில்லை. பாலம் வரை அவன் முன்னால் போனதை உன் பேத்திக்கு ஒரு நாள் சொல்லு.

உன் வீட்டில் இருட்டியதும் விளக்கு ஏற்றுகிறேன். ஒரு நாள் இந்த வீட்டில் படுக்கிறோம், ஒரு நாள் அந்த வீட்டில். உன் கட்டில் முதுகைக் கொல்கிறது. ஒன்பது வருடமாக உன் முகம் ஏன் அப்படி இருந்தது என்று இப்போது புரிகிறது.

இனி சேவல். போன வாரமே பெரியவர் ஆள் அனுப்பினார், இரண்டும் ஒரே ஆள் வீடு என்றால் நடுவே சுவர் எதற்கு என்று கேட்டாராம். சந்தேகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று வியாழக்கிழமை இடித்தேன். உன் வாப்பாவும் என் வாப்பாவும் சேர்ந்து கட்டிய சுவர், சுலபத்தில் அசையவில்லை. கடப்பாரையை உன் பக்கம் சாயும்படிதான் போட்டேன். சுவர் என் பக்கம் சாய்ந்தது. சரியாக மூன்று சாண் உள்ளே.

சேவல் பத்திரமாக இருக்கட்டும் என்று தாஜ்பரி அதை அங்கேதான் கட்டியிருந்தாள். கறி கொஞ்சம் முற்றல். உப்பு சரியாக இருந்தது.

தோத்தி